காருக்கு அடியில் ஒரு மனிதன்

காரில் ஆயில் இருக்கிறதா என்று பார்க்க என்ன செய்வீர்கள்? பானெட்டைத் திறந்து, டிப்ஸ்டிக்கை உருவி, துணியில் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்ப்பீர்கள். அரை நிமிஷ வேலை. வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுக் கறை படாது.

ஹென்றி ஃபோர்டின் மாடல் டி காரை வைத்திருந்தவருக்கு இந்தச் சொகுசெல்லாம் கிடையாது. 1908-லிருந்து 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்ற அந்தக் காரில் டிப்ஸ்டிக் என்ற வஸ்துவே இல்லை. பதிலாக, இன்ஜினின் அடிவயிற்றில் பின்பக்கமாக, ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு குட்டிக் குழாய்கள். மேல் குழாயைத் திறந்து ஆயில் வழிந்தால் வயிறு ரொம்பியிருக்கிறது என்று அர்த்தம். கீழ்க் குழாயிலும் சொட்டு வரவில்லையென்றால், இன்ஜின் போய்ச் சேரப் போகிறது என்று அர்த்தம். அவ்வளவுதான் கேஜ்! இதைப் பார்க்க மண் ரோட்டில் மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் ஊர்ந்து போக வேண்டும். (படுக்கச் சோம்பல்பட்டவர்கள் நீளக் கம்பி ஒன்றை விட்டு நெம்பித் திறந்தார்கள்.)

மோட்டார் காரின் சரித்திரத்தை எப்போதும் மேலேயிருந்துதான் எழுதுகிறார்கள். என்ன வேகம், எத்தனை குதிரைசக்தி, எந்த ராஜா எந்த ரோல்ஸ் ராய்ஸ் வாங்கினார் இத்யாதி. கீழேயிருந்தும் ஒன்று எழுதலாம். காருக்கு அடியில் போன மனிதன் எப்படிப் போனான், எப்படி உயிரோடு திரும்பி வந்தான் (சில சமயம் ஏன் வரவில்லை) என்ற கதை. அந்தக் கதையின் நாயகன் ரொம்ப எளிமையான ஆசாமி. சாய்வாக வைத்த ஒரு பலகை. அதாவது ராம்ப்.

முதலில், எதற்காக அடியில் போக வேண்டும்?

இன்ஜின் ஆயில் சும்மா வழவழப்புக்கு மட்டும் அல்ல. உலோகத்தூள், கரி, எரியாத பெட்ரோல், ஈரம் என்று இன்ஜினுக்குள் சேரும் அத்தனை அழுக்கையும் தன்னுடன் சுமந்துகொண்டு சுற்றுகிறது. மாடல் டி-யில் ஆயிலை வடிகட்ட ஃபில்டர் கிடையாது, பம்ப்பும் கிடையாது. சுழல்கிற ஃப்ளைவீல் ஆயிலை வாரி இறைக்கும், அது பட்ட இடமெல்லாம் பாக்கியம் செய்த இடம்! அதனால் சில நூறு மைலுக்கு ஒரு தடவை பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டியிருந்தது. 1923-ல் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் என்பவர் காருக்கான ஆயில் ஃபில்டரைக் கொண்டுவந்தார். 'பியூர் ஆயில் லேட்டர்' என்ற மூன்று வார்த்தைகளை நசுக்கி அதற்கு 'பியூரோலேட்டர்' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வருஷமே கிரைஸ்லர் காரில் அது ஏறிவிட்டது. ஆயிலின் ஆயுசு நீண்டது. ஆனால், வடிக்கிற நட்டு மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. திரவம் கீழ்நோக்கித்தானே ஓடும்? எனவே சேம்பரின் அடியில் நட்டு. நட்டுக்கு அடியில் மனிதன்.

கார்கள் வேறு வருஷா வருஷம் தாழ்ந்துகொண்டே வந்தன. ஆரம்பகால வண்டிகள் மாட்டு வண்டி மாதிரி உயரமாக நின்றவை. ரோடு நன்றாக ஆக ஆக, வேகம் கூடக் கூட, வயிறு தரையை நெருங்கியது. ஊர்ந்து போகவும் இடமில்லை.

இதற்கு மூன்றே வழிகள்தான் உண்டு. மனிதன் கீழே இறங்கலாம். காரை மேலே ஏற்றலாம். அல்லது காரைத் தூக்கலாம்.

இறங்குவதுதான் முதலில் வந்தது. ஷெட்டின் நடுவே காரின் அகலத்தை விடச் சின்னதாக ஒரு குழி வெட்டி, அதில் நின்றபடி வேலை பார்த்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எங்கே கசிந்தாலும் நேரே குழிக்குள் இறங்கி, பதுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வெளிச்சத்துக்காக உள்ளே கொண்டுபோன பல்பு கை தவறி உடைந்தால் போதும்... அப்புறம் அது குழி அல்ல, அடுப்பு. அதில் நிற்பவனுக்கு ஓடவும் வழியில்லை. கார் நிற்காத நேரத்தில் திறந்து கிடக்கும் குழியில் விழுந்து காலை ஒடித்துக்கொள்வது தனிக் கணக்கு.

அடுத்தது ஏற்றுவது. 1910, 20-களில் அமெரிக்கப் பெட்ரோல் பங்க்குகளின் பக்கத்தில் மரத்தாலோ இரும்பாலோ இரண்டு சாய்வான தண்டவாளங்கள் இருக்கும். 'கிரீஸ் ராக்' என்று பெயர். கார் அதில் உருண்டு மேலே போய் நிற்கும். கீழே நின்று கிரீஸ் அடிப்பார்கள், ஆயில் வடிப்பார்கள். திறந்த வெளி என்பதால் ஆவி தங்காது. நம் ஊரில் லாரிகளுக்கு வாட்டர் சர்வீஸ் செய்கிற இடங்களில், இரண்டு குட்டைச் சுவர் மாதிரி கான்கிரீட்டில் சாய்வாகக் கட்டியிருப்பார்களே, அதன் பங்காளி.

சாய்தளம் மனிதனின் மிகப் பழைய இயந்திரங்களில் ஒன்று. எகிப்தில் ஹத்னுப் என்ற கல் குவாரியில் 4,500 வருஷத்துக்கு முந்தைய செங்குத்தான ராம்ப் ஒன்றை 2018-ல் கண்டுபிடித்தார்கள். பக்கவாட்டில் படிகளும் கம்பம் நட்ட குழிகளும் இருந்தன. பிரமாண்டமான கல்லைக் கயிறு கட்டி மேலே இழுத்த ஏற்பாடு. 1586-ல் சைமன் ஸ்டெவின் என்ற ஃபிளெமிஷ் கணித மேதை சாய்தளத்தின் கணக்கையே போட்டுக் காட்டிவிட்டார். அதிலிருந்து நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: சரிவு நீளமாக இருந்தால் தள்ள வேண்டிய பலம் குறைவு, குட்டையாக, செங்குத்தாக இருந்தால் அதிகம். காரில் ஏறும்போது அந்தப் பலத்தை ஆக்ஸிலரேட்டர் மேல் இருக்கும் உங்கள் கால்தான் தருகிறது. அதிகம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாவது, தூக்குவது. டென்னஸி மாநிலத்து மெம்பிஸ் நகரில் பீட்டர் லுனாட்டி என்ற மெக்கானிக் இருந்தார். முடி வெட்டும் கடை நாற்காலி ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று கதை சொல்வார்கள். ஆளைத் தூக்கும் நாற்காலி காரைத் தூக்காதா? 1925-ல் அவருடைய ஹைட்ராலிக் லிஃப்ட் வந்தது. தரையிலிருந்து ஒற்றைத் தூண் எழும்பி, காரைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கும், சுற்றிக்கூடத் திருப்பலாம். அவ்வளவுதான், ஊரெல்லாம் லிஃப்ட். கிரீஸ் ராக்குகள் மெல்ல மெல்ல மறைந்தன.

அமெரிக்கா தூக்கி எறிந்த ராம்ப்பை இன்னொரு தேசம் அரசாங்கச் செலவிலேயே ரோட்டோரம் கட்டிவைத்தது. சோவியத் ரஷ்யா!

அங்கே சொந்தக் கார் என்பது பல வருஷத் தவம். 1970-ல் டொல்யாட்டி நகரத் தொழிற்சாலையிலிருந்து ஜிகுலி கார் வர ஆரம்பித்தது. (ஊரின் பெயரே டொக்ளியாட்டி என்ற இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவருடையது, காரும் இத்தாலிய ஃபியட் 124-ன் வாரிசு!) பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்து, காத்திருந்து, ஒரு வழியாகக் கார் வீடு வந்தால், அதைப் பழுது பார்க்க ஆள் கிடைக்கமாட்டான். சர்வீஸ் ஸ்டேஷன்கள் சொற்பம். ஸ்பேர் பார்ட் அதைவிடச் சொற்பம். ஆகவே, கார் வைத்திருந்த டாக்டரும் புரொஃபஸரும் பியானோ வாத்தியாரும் வேறு வழியில்லாமல் அரை மெக்கானிக் ஆனார்கள். அவர்களுக்காக நெடுஞ்சாலைகளின் ஓய்விடங்களில் 'எஸ்டகாதா' என்று கான்கிரீட் சாய்தளங்கள் இருந்தன. ஒரு காசு கொடுக்க வேண்டாம். காரை ஏற்றி நிறுத்தி, அடியில் போய், உங்கள் வண்டியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

நகரத்துக்காரர்களுக்குக் கூட்டுறவு கராஜ்கள் இருந்தன. ஊரின் ஓரத்தில் வரிசையாகத் தீப்பெட்டி மாதிரி ஷெட்டுகள். பல ஷெட்டுகளுக்குள் தரையில் குழி. ஒரு கராஜ் இடத்துக்காக எவ்வளவு அடிதடி நடந்திருக்கும் என்பதற்கு எல்தார் ரியஸானவின் 'கராஜ்' படம் (1979) சாட்சி. ஹைவே வருவதால் கூட்டுறவு சங்கத்தில் நான்கு பேரைக் கழித்துக்கட்ட வேண்டும். யார் அந்த நான்கு பேர்? படித்த பெரிய மனிதர்கள் ராத்திரி முழுக்க ஒரே ஹாலில் அடைபட்டு ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிடுவார்கள். கம்யூனிசம் பற்றிப் பத்து புஸ்தகம் படிப்பதற்கு இந்த ஒரு படம் பார்க்கலாம் என்பது என் கட்சி.

மறுபடி அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே ராம்ப் வேறு அவதாரம் எடுத்தது. பங்க்கிலிருந்து மறைந்து, சின்னதாகி, வீட்டுக்குள் வந்துவிட்டது.

1960, 70-களில் வீட்டிலேயே கார் வேலை பார்ப்பது ஒரு பெரிய அலையாகக் கிளம்பியது. 1966-ல் இங்கிலாந்தில் ஜான் ஹேன்ஸ் என்பவர், காரைக் கழற்றி மாட்டிப் படம் படமாகப் போட்டு முதல் மேனுவலை வெளியிட்டார். 1969-ல் அமெரிக்காவில் ஜான் முயிர் என்ற இன்ஜினீயர், ஃபோக்ஸ்வேகனை உயிரோடு வைத்துக்கொள்வது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதினார். முழு முட்டாளுக்கும் புரியும் என்று அட்டையிலேயே உத்தரவாதம்! 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் பெட்ரோல் விலை எகிறியது. கண்ணாடி துடைத்து, ஆயில் பார்த்து, சலாம் போட்டு அனுப்பிய பங்க்குகள் மூடப்பட்டன, அல்லது 'நீயே பிடித்துக்கொள்' என்று மாறின. சனிக்கிழமை காலையில் வீட்டு வாசலில் ஆயில் மாற்றுவது அப்பா-பிள்ளை சடங்காயிற்று. டிஸ்கவுன்ட் கடைகளில் ஜோடி இரும்பு ராம்ப் வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வரலாம்.

பங்க்கின் ராக் தரையில் நட்டது. இந்த வீட்டு ராம்ப் சும்மா தரையில் வைத்தது. ஆபத்து இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

பழைய கார்களில் பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளும். முன்சக்கரம் ராம்ப்பில் முட்டும்போது, வழவழ சிமென்ட் தரையாக இருந்தால், ஏறுவதற்குப் பதில் ராம்ப்பையே முன்னால் தள்ளிக்கொண்டு போகும். எழுபதுகளுக்கு அப்புறம் முன்சக்கரம் இழுக்கிற கார்கள் பெருகின. இதில் விஷயம் தலைகீழ். பொறுமையில்லாமல் ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தால், சுற்றுகிற சக்கரம் ராம்ப்பைத் தனக்கு அடியிலிருந்து உருவிப் பின்னால் வீசிவிடும். கார் 'தொம்'மென்று கீழே விழும். இன்னும் கொஞ்சம் உற்சாகமாக ஏறினால் உச்சியில் இருக்கும் தடுப்பையும் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிடும். அப்புறம் ராம்ப்பின் மேல் காரின் வயிறு உட்கார்ந்திருக்கும், முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. 'கொஞ்சம் வா, கொஞ்சம் வா' என்று நேர் எதிரே நின்று கை காட்டுகிற மச்சான் அந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். வழி சொல்கிறவர் பக்கவாட்டில், தள்ளித்தான் நிற்க வேண்டும்.

ஏறி நின்றபின் அடுத்த பிரச்னை, உருண்டு இறங்காமல் இருப்பது. கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாலும் போதாது. தரையில் இருக்கும் இரண்டு சக்கரங்களுக்கும் பின்னால் கட்டை கொடுக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கிறது, அதன் கேபிள் எத்தனை வருஷப் பழசோ! பழைய காலத்தில் நம் கோயில் தேர்களுக்கு பிரேக்கே கிடையாது. அவ்வளவு பெரிய தேரை நிறுத்தியதும் திருப்பியதும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள்தான். 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று நாம் திட்டாக மாற்றிவிட்ட அந்தக் காரியம், காருக்கு அடியில் படுத்திருப்பவனுக்கு ஆசீர்வாதம். கட்டை கொடுத்த பிறகு, வெளியே நின்றபடியே காரை நன்றாக ஆட்டிப் பார்ப்பார்கள் அனுபவஸ்தர்கள். அசைந்து விழுவதானால் இப்போதே விழட்டும்.

ராம்ப் கிடைக்காதவர்கள் செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி ஏற்றுவதுண்டு. செய்யவே கூடாது. பளுவை மெல்ல மெல்ல ஏற்றினால் தாங்குவது போலிருக்கும் கல், ஒரு மூலையில் அழுத்தம் கூடியதும் முன்னறிவிப்பு இல்லாமல் பொடியாகிவிடும். ராம்ப்பிலும் எழுதியிருக்கும் எடையைப் பார்க்க வேண்டும். அந்த எடை ஒரு ராம்ப்புக்கா, ஜோடிக்கா என்பதையும். மாடல் டி சுமார் 540 கிலோ. இன்றைக்கு நடுத்தரமான ஒரு காரே அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு.

'ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டால் போயிற்று, இவ்வளவு எதற்கு?' என்று கேட்கலாம். அங்கேதான் ராம்ப்பின் அருமை தெரிகிறது. ஜாக்கியில் நிற்கும் கார், ஒரு புள்ளியில், ஒரு சின்ன சீலை நம்பி நிற்கிறது. டயர் மாற்றுகிற ஐந்து நிமிஷத்துக்கானது அது. அடியில் போவதற்கானது அல்ல. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிறுவனம், சாலை விபத்துகளில் சேராத வாகனச் சாவுகளைக் கணக்கெடுத்து 2009-ல் ஓர் அறிக்கை தந்தது. அதன்படி, மேலே வாகனம் விழுந்து செத்தவர்கள் வருஷத்துக்குச் சராசரி 168 பேர். ரேஸில் அல்ல, ஹைவேயில் அல்ல... நிறுத்தி வைத்த வண்டிக்கு அடியில்!

ஜாக்கியை நம்ப முடியாது என்று அதன் பக்கத்தில் இரும்பு ஸ்டாண்ட் வைப்பார்கள். அதுதான் முறையும்கூட. ஆனால் 2020-ல் என்ன நடந்தது? அமெரிக்காவின் ஹார்பர் ஃபிரைட் என்ற பெரிய கருவிக் கடைச் சங்கிலி, தான் விற்ற ஸ்டாண்டுகளைத் திரும்பக் கேட்டது. பாரம் ஏறியபின் ஆடினால் பல் நழுவி, ஸ்டாண்ட் சட்டென்று இறங்கிவிடலாம் என்பது குறை. எண்ணிக்கை 17 லட்சத்துக்கும் மேல். சரி, தவறு யாருக்கும் வரும். மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளிலும் சிலவற்றில் வெல்டிங் சரியில்லை என்று அவற்றையும் திரும்பக் கேட்டார்கள்! இரண்டாவது அறிவிப்பைப் படித்தபோது அதில் ஒன்றுக்கு அடியில் யாராவது படுத்திருந்திருக்கலாம் என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

ராம்ப்பில் பல் இல்லை, பின் இல்லை, ஹைட்ராலிக் சீல் இல்லை. கார் தன் சொந்த டயர்களிலேயே, ரோட்டில் நிற்பது போலவே நிற்கிறது, கொஞ்சம் உயரத்தில். நழுவுவதற்கு அசைகிற பாகமே கிடையாது. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் ராம்ப் வம்பு செய்யும். அப்போது அடியில் யாரும் இல்லை. ஜாக்கி, ஆள் அடியில் இருக்கும்போதுதான் வம்பு செய்யும். இதற்காகவே நான் ராம்ப் கட்சி. டயரைக் கழற்ற ராம்ப் உதவாது என்பது வாஸ்தவம்தான். ஆயில் வடிப்பதற்கு டயரை எதற்குக் கழற்ற வேண்டும்?

(மூக்கைத் தூக்கி நிற்கும் காரில் டிப்ஸ்டிக் பொய் சொல்லும். புது ஆயில் ஊற்றி, சமதரைக்கு இறக்கி, சற்றுப் பொறுத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். வடிக்கும்போது ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் சீக்கிரம் இறங்கும். ஓடி நின்ற சூட்டோடு திறந்தால் கை வெந்துபோகும்.)

வடித்த ஆயிலை என்ன செய்தார்கள் என்பது இன்னொரு சோகம். 1963 ஜனவரியில் 'பாப்புலர் சயின்ஸ்' பத்திரிகை வாசகர்களுக்கு ஒரு யோசனை சொன்னது. தோட்டத்தில் குழி வெட்டி, சரளைக்கல் போட்டு, பழைய ஆயிலை அதில் ஊற்றுங்கள், மண் உறிஞ்சிக்கொள்ளும்! மண் உறிஞ்சியது. நிலத்தடி நீரும் உறிஞ்சியது. ஒரு தடவை மாற்றிய ஆயில் பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரை, அதாவது 50 பேருக்கு ஒரு வருஷத்துக்கான தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று பிற்பாடு அதே நாட்டின் சுற்றுச்சூழல் நிறுவனம் எச்சரிக்கை செய்ய வேண்டியதாயிற்று. பழைய ஆயிலை டப்பாவில் பிடித்துக் கடையில் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் அப்புறம்தான் வந்தது.

அந்தச் சனிக்கிழமைச் சடங்கும் மெல்லத் தேய்ந்தது. யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரில் 1971-ல் சின்னதாகத் தொடங்கிய 'ஜிஃபி லூப்' என்ற கடையை, ஃபுட்பால் கோச்சாக இருந்த ஜேம்ஸ் ஹிண்ட்மனும் கூட்டாளிகளும் 1979-ல் வாங்கி ஊர் ஊராகப் பரப்பினார்கள். பத்து, பதினைந்து நிமிஷத்தில் ஆயில் மாற்றம். நீங்கள் சட்டை கசங்காமல் காத்திருக்கலாம். இவ்வளவு வேகம் எப்படி? லிஃப்ட்டில் தூக்கி இறக்குகிற நேரம் மிச்சம். ராம்ப்பில் ஏற்றுகிற நேரமும் மிச்சம். கார் சமதரையிலேயே உருண்டு வந்து நிற்கிறது. மேலே ஒருவர் ஃபில்டர் டப்பாவை உடைத்துக்கொண்டிருக்க, கீழேயிருந்து இன்னொருவர் ஸ்பானரோடு கையை உயர்த்தி நட்டைத் திருகுகிறார்.

அவர் நிற்பது, அகலமாக, வெளிச்சமாக, காற்று வர வசதி செய்து கட்டிய ஒரு குழியில்.